குழந்தை வளர்ப்பு யாருடைய கடன்? – புலம்பெயர் இளங்குடும்பத்தை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணக் கிராமமொன்றில் ஒரு குழந்தை பிறக்கும்போது, அதனை யார் வளர்ப்பது என்ற வினா எழுவதில்லை. வினா எழுவதற்கு முன்னரே விடைகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். அவளுடைய தாய் சரக்கு அரைத்துப் பத்தியக்கறி காய்ச்சுகிறாள். குழந்தையைக் கால்களிற் கிடத்தி எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுவதற்குப் பழகிய கையொன்று அயலிலிருந்து வருகிறது. வளையிலே சேலை கட்டி ஏணை தொங்குகிறது. அவ்வழியாற் போகிறவரும் வருகிறவரும் அதனை ஒருமுறை ஆட்டிவிட்டுச் செல்கின்றனர். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் உறவினர் வந்து குழந்தையைக் கையிலேந்துகின்றனர். தாய் சிறிது கண்ணயரும் வேளையிற் குழந்தை யாரோ ஒருவருடைய மடியில் இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று தேடிப்பார்க்கும் தேவைகூட அவளுக்கு இல்லை.

ஒரு சமுதாயம் ஒரு வினாவை எழுப்பவில்லை என்பதனால் அவ்வினாவுக்கு அது சரியான விடை கண்டுவிட்டது என்று கொள்ளுதல் பொருந்தாது. வினா எழாதவாறு யாரோ சிலர் தம் உழைப்பினால் அதனை அடைத்து வைத்திருக்கின்றனர் என்பதே உண்மையாக இருக்கலாம். அந்தச் சிலர் இல்லாத இடமொன்றுக்குக் குடும்பம் பெயரும்போதுதான் வினா வெளிப்படுகின்றது. குழந்தையை வளர்ப்பது யாருடைய கடன்? பெற்றவர் இருவருடைய கடன் மட்டுந்தானா? உறவினருடையதா? அரசினுடையதா? அந்தக் கடனை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கும்போது, ஏற்றுக்கொள்பவருக்குச் செய்ய வேண்டியது என்ன? அந்நிய நாடொன்றிற் கைக்குழந்தையுடன் வாழும் இளங்குடும்பமொன்றின் அன்றாட வாழ்வு, இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தக்க ஒரு களமாகும்.

இக்கடன் பலரிடையே பகிரப்பட்டது என்ற எண்ணம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. புறநானூற்றின் 312ஆம் பாடலிலே பொன்முடியார் காட்டும் மறக்குடித் தாய், தன் மகனை ஆளாக்கும் பொறுப்பினைத் தான் ஒருத்தியே சுமப்பதாகக் கூறவில்லை. பெறுவதும் பேணுவதும் தனக்குரியன என்கிறாள். பண்புடையவனாக்குவதைத் தந்தைக்கும், படைக்கலம் செய்து தருவதைக் கொல்லனுக்கும் உரியனவாக்குகிறாள். வேந்தனுக்கும் ஒரு பங்கு வைக்கிறாள். இறுதியிற் போர்க்களத்துச் செயலை மகனிடமே விட்டுவிடுகிறாள். வேந்தனுடைய பங்கு எது என்பதிற் பாடபேதம் உண்டு. நல்லொழுக்கம் அளித்தல் என்று ஒரு பாடமும், வாழ்வுக்கு ஆதாரமான விளைநிலம் அளித்தல் என்று மற்றொரு பாடமும் கொள்ளப்படுகின்றன. போர்க்காலச் சமுதாயமொன்றின் மதிப்பீடுகள் அப்பாடலில் உறைந்துள்ளன என்பது உண்மையே. எனினும், ஒரு பிள்ளையின் பின்னே ஓர் ஊரும் ஓர் அரசும் நிற்கவேண்டும் என்ற அதன் அடிப்படை எண்ணம் இன்றும் ஏற்புடையதே. ஆயின் அப்பட்டியலிலே பாட்டிக்கு இடமில்லை, சிற்றன்னைக்கு இடமில்லை, தாய் நீராடச் சென்றபோது பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த அயல்வீட்டுப் பெண்ணுக்கும் இடமில்லை. இக்குறைபாட்டின் முக்கியத்துவம் பின்னர் புலனாகும்.

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் வாழும் இளந்தமிழ்க் குடும்பமொன்றை எடுத்துக்கொள்ளலாம். முன்னரே சிறுதொகையினராய் அந்நாட்டுக்குச் சென்றிருந்த இலங்கைத் தமிழர், 1983ஆம் ஆண்டின் இன வன்செயலுக்குப் பின்னர் பெருந்தொகையினராய்ச் சென்றனர். வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் ஆலைகளில் அவர்களிற் பலர் வேலை செய்தனர். காலப்போக்கில் ஒஸ்லோவிலும் ஏனைய நகரங்களிலும் குடியமர்ந்தனர். இங்கு கருதப்படும் குடும்பம் அத்தலைமுறைக்குப் பிந்தியது. கணவன் அங்கே சில ஆண்டுகளாக வேலை செய்பவன். மனைவி திருமணத்தின் பின் சென்றவள். இது தனியொரு குடும்பத்தின் கதையன்று; பல குடும்பங்களுக்குப் பொதுவான நிலைமை.

மார்கழி மாதத்தில் ஒஸ்லோவிலே பகற்பொழுது ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவானது. காலை ஒன்பது மணிக்குப் பின்னரே ஞாயிறு எழுகிறது; பிற்பகல் மூன்று மணி கடந்த சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. கணவன் இருளிலே வேலைக்குப் புறப்பட்டு இருளிலே வீடு திரும்புகிறான். இடைப்பட்ட நேரமெல்லாம் மாடிவீட்டின் இரண்டு அறைகளுக்குள் தாயும் சேயுமே இருக்கின்றனர். ஊரிலே குழந்தையை இளவெயிலிற் காட்டுவது வழக்கம். அங்கே அந்த வெயிலின் இடத்தை ஒரு சிறு போத்தல் பிடித்திருக்கிறது. உயிர்ச்சத்து டி துளிகளைக் குழந்தைக்கு முதல் வாரங்களிலிருந்தே நாள்தோறும் கொடுக்குமாறு சுகாதாரத் துறை அறிவுறுத்துகின்றது. வெளியே செல்வதாயின் குழந்தைக்குக் கம்பளியுடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவிக்க வேண்டும். அணிவித்து முடிகையிற் குழந்தை பசித்து அழும். பாலூட்டுவதற்காக மீண்டும் அவை கழற்றப்படும். நோர்வேஜியத் தாய்மார் தம் குழந்தைகளைத் தள்ளுவண்டியிற் கிடத்திக் குளிர்காற்றில் உறங்க விடுவதனைச் சாளரத்தின் வழியாக முதன்முறை காணும் தமிழ்த் தாய் திகைக்கிறாள். சில மாதங்களின் பின் அவளும் அவ்வாறே செய்கிறாள்.

இத்தகைய வாழ்விற் பெரிய துன்பம் குளிரன்று. கைமாற்றுவதற்கு ஆள் இல்லாமையே. நள்ளிரவிற் குழந்தை வீரிட்டழுதால், ‘இது பசியா, வயிற்றுவலியா’ என்று கேட்பதற்கு அடுத்த அறையில் எவரும் இல்லை. தாய்க்குக் காய்ச்சல் கண்டால் தந்தை வேலைக்குச் செல்லமுடியாது. ஊரிலே பத்துப் பேர் சிறிது சிறிதாகச் செய்த காரியத்தை இருவர் முழுதாகச் செய்யவேண்டியிருக்கிறது. அப்போதுதான் அந்தப் பத்துப் பேர் செய்தது ஒரு வேலை என்பதே அவ்விருவருக்கும் தெரியவருகிறது. அதுவரையில் அது அன்பு என்றும் வழக்கம் என்றும் மட்டுமே அழைக்கப்பட்டிருந்தது.

வெற்றிடமான இவ்விடத்துக்கு அரசு வருகின்றது. குழந்தை பிறந்த முதல் இரு வாரங்களுக்குள் சுகாதாரத் தாதி வீட்டுக்கு வந்து பார்க்கிறாள். பின்னர் அப்பகுதிச் சுகாதார நிலையத்திற் குழந்தையின் நிறையும் உயரமும் கட்டணமின்றி அளக்கப்படுகின்றன, தடுப்பூசிகள் போடப்படுகின்றன. ஏறத்தாழ ஒரே காலத்திற் பிள்ளை பெற்ற அயற்பகுதித் தாய்மாரை ஒரு குழுவாகச் சேர்த்துவிடும் வழக்கமும் உண்டு. பெற்றோருக்கு முழுச் சம்பள வீதத்தில் 49 வாரங்களுக்குக் கொடுப்பனவுடன் கூடிய விடுமுறை கிடைக்கின்றது. அதில் 15 வாரங்கள் தாய்க்கும் 15 வாரங்கள் தந்தைக்கும் ஒதுக்கப்பட்டவை. ஒருவருடையதை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க இயலாது. தந்தைக்கென நான்கு வாரங்களை ஒதுக்கும் சட்டத்தை நோர்வே 1993ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. ஒரு வயதடையும் பிள்ளைக்குப் பாலர் நிலையத்தில் இடம் பெறும் உரிமை 2009ஆம் ஆண்டு முதல் சட்டபூர்வமானது. புறநானூற்றுத் தாய் வேந்தனுக்கு ஒதுக்கிய பங்கினை, வாழ்வாதாரம் என்ற பொருளில், இவ்வரசு நிறைவேற்றுகின்றது எனலாம்.

இதனை அன்பு நிறைந்த கீழைத்தேயத்துக்கும் சட்டம் நிறைந்த மேலைத்தேயத்துக்கும் இடையிலான வேறுபாடாகக் காட்டுவது எளிது. ஆனால் அது பிழையானது. இலங்கையிலும் அரசு குழந்தையின் ஏணைவரை வந்திருக்கிறது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வளர்ந்துவந்த ஒழுங்கின் பயனாக, மருத்துவமாது கிராமத்து வீடுகளின் படலையைத் திறந்துகொண்டு வந்து குழந்தையை நிறுத்துப் பார்க்கிறாள். அரசாங்க ஊழியரான தாய்க்கு 84 வேலைநாட்கள் முழுச் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. வேறுபாடு மற்றோரிடத்திலுள்ளது. இங்கு அரசாங்க ஊழியரான தந்தைக்குக் கிடைப்பது மூன்று நாட்கள். எஞ்சிய நாட்களெல்லாம் வீட்டிலுள்ள பெண்களுடைய பொறுப்பு என்பது சட்டத்தில் எழுதப்படாமலே எல்லோராலும் அறியப்பட்டதாகும்.

குழந்தை வளர்ப்பிலே அரசின் பங்கு எவ்வளவு என்ற வினா மெய்யியலில் மிகப் பழையது. பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலின் ஐந்தாம் பகுதியிலே, காவலர் வகுப்பினருடைய பிள்ளைகளைப் பிறந்தவுடன் பொதுவிடத்தில் வைத்து வளர்க்கவேண்டும் என்றும், எந்தத் தாயும் தன் பிள்ளையை இனங்காணக்கூடாது என்றும் விதித்தார். எல்லாப் பிள்ளைகளையும் எல்லோரும் தம்முடையவரெனக் கருதினால் நகரம் ஒரு குடும்பமாகும் என்பது அவருடைய எண்ணம். அவருடைய மாணாக்கரான அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ என்னும் நூலில் இதனை மறுத்தார். பலருக்குப் பொதுவான பொருள் மிகக் குறைந்த பராமரிப்பையே பெறும். ஆயிரம் பேருக்கு மகனாக இருப்பதிலும் ஒருவருக்கு உண்மையான மைத்துனனாக இருப்பது மேலானது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அரிஸ்டோட்டிலின் மறுப்பு வலுவானதே. ஆயின் ஒஸ்லோக் குடும்பத்தின் அனுபவம் அவ்விருவருக்கும் இடைப்பட்ட ஒரு வழியைக் காட்டுகின்றது. அங்கே அரசு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பறித்து வளர்க்கவில்லை. குழந்தையுடன் இருப்பதற்கான காலத்தைப் பெற்றோருக்கு அளிக்கின்றது. குறிப்பாகத் தந்தைக்கு அளிக்கப்படும் பதினைந்து வாரங்கள் கருதத்தக்கவை. மனைவி வேலைக்கோ மொழிவகுப்புக்கோ சென்றபின் தனித்து வீட்டிலிருக்கும் தமிழ்த் தந்தை, குழந்தையின் அழுகைகளை வேறுபிரித்தறியக் கற்கிறான். கஞ்சியின் சூட்டைப் புறங்கையில் ஊற்றிப் பார்க்கக் கற்கிறான். அவனுடைய தந்தை அவனுக்கு இவற்றுள் ஒன்றையும் செய்ததில்லை. செய்ய விரும்பியிருந்தாலும் ஊர் சிரித்திருக்கும். உறவினர் சூழ்ந்த வாழ்வு அவனுக்குக் கொடுத்திராத ஓர் உறவினை உறவினரற்ற வாழ்வு கொடுத்துவிடுகிறது. புலம்பெயர்வு எல்லாவற்றையும் பறிப்பது என்று இரங்குவோர் இதனையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

அதேவேளை, உரிமை என்பது ஒரு கணக்கினைக் கேட்கின்றது என்பதும் மறக்கற்பாலதன்று. மேற்கூறிய சம்பள விடுமுறையைப் பெறுவதற்கு, அதற்கு முந்திய பத்து மாதங்களில் ஆறு மாதங்களாவது உழைத்து வருமானம் பெற்றிருத்தல் வேண்டும். திருமணமாகிப் புதிதாக வந்த பெண், வேலையொன்றில் அமருமுன்னரே தாயாகிவிட்டால், அவளுக்குக் கிடைப்பது ஒரு தடவை வழங்கப்படும் கொடுப்பனவு மட்டுமே. இரவும் பகலும் அவள் செய்யும் வேலை அந்தப் பத்து மாதக் கணக்கிற் சேராது. ஊரிலே பாட்டியின் உழைப்பு அன்பு என்ற பெயரால் மறைந்தது. இங்கே புதிய தாயின் உழைப்பு கணக்கின் ஒழுங்கினால் மறைகின்றது. இரண்டிலும் மறைவது ஒரே வேலைதான்.

மேலும், கொடுக்கும் கை கண்காணிக்கும் கையாகவும் இருக்கின்றது. வேந்தனின் பங்கு ஒழுக்கம் அளித்தல் என்ற மற்றைய பாடமும் இங்கே பொருந்திவருகின்றது. பிள்ளைகளை அடித்தலைச் சுவீடன் 1979ஆம் ஆண்டிலும் நோர்வே 1987ஆம் ஆண்டிலும் சட்டத்தினாற் தடைசெய்தன. அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்த பெற்றோருக்கு இது முதலில் ஓர் அச்சமாகவே வந்து சேர்கின்றது. சிறுவர் நல சேவை பிள்ளையைப் பிரித்துக் கொண்டுசென்றுவிடும் என்ற பேச்சு குடிவந்தோர் வீடுகளிலெல்லாம் உண்டு. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பிறந்து சில வாரங்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுப் பின்னர் தத்துக்கொடுக்கப்பட்ட குழந்தையொன்றின் வழக்கிலே, நோர்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தீர்ப்பளித்தது. அரசும் தவறிழைக்கும் என்பதற்கு இது சான்று. அத்தவறினை எடுத்துரைத்துத் தீர்ப்புப் பெறுவதற்கு ஒரு மன்றம் உண்டு என்பதற்கும் இதுவே சான்று. ஊரும் கண்காணிக்கவே செய்கின்றது. பால் போதவில்லை என்றும், பிள்ளை மெலிந்துவிட்டது என்றும், தாய் நிலத்தில் நடக்கக்கூடாது என்றும் அது தீர்ப்பளிக்கின்றது. அந்தத் தீர்ப்புக்கெதிராக மேன்முறையீடு செய்வதற்கு இளந்தாய்க்கு மன்றம் எதுவுமில்லை. மறுபுறம், அடிவாங்கும் பிள்ளைக்கும் ஊரிலே மன்றம் இல்லை என்பதனையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும்.

அரசு எவ்வளவு கொடுத்தாலும் இளம்பெற்றோர் ஒன்றை வேண்டி நிற்கின்றனர், அது தாய். எனவே ஊரிலிருந்து அம்மம்மா அழைக்கப்படுகிறாள். பார்வையாளர் அனுமதியில் அவள் தங்கக்கூடிய காலம் தொண்ணூறு நாட்கள். பயணப்பெட்டியிற் சரக்குத்தூளும் வசம்பும் வருகின்றன. வந்த அன்றே வீட்டின் வாசனை மாறுகின்றது. மகள் பல வாரங்களின் பின் நான்கு மணித்தியாலம் தொடர்ச்சியாக உறங்குகிறாள். கோரோசனை கொடுக்கவேண்டும் என்கிறாள் அம்மம்மா. ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம் என்று தாதி கூறியதை மகள் நினைவூட்டுகிறாள். இரு அறிவுகளுக்கிடையில் அகப்பட்ட மகள் ஒருநாள் தாயையும் மறுநாள் தாதியையும் மனம் நோகாமல் சமாளிக்கக் கற்கிறாள். ஏணை கட்டுவதற்கு வளையில்லாத வீட்டில், அம்மம்மா குழந்தையைத் தன் நீட்டிய கால்களிலே கிடத்தித் தாலாட்டுகிறாள். அதுவரையில் இரண்டு குரல்களில் மாத்திரம் தமிழைக் கேட்ட குழந்தை மூன்றாவது குரலைக் கேட்கின்றது. எந்த அரசாலும் கொடுக்கமுடியாத பொருள் இது.

இக்காட்சி நெஞ்சை நெகிழ்விப்பது. ஆயின் அறவியல் நோக்கு இங்கேதான் சற்று நின்று வினவவேண்டும். அந்தத் தொண்ணூறு நாட்களில் அம்மம்மா எங்கே வாழ்கிறாள்? அவளுடைய கணவன் ஊரிலே கடையிற் சாப்பாடு வாங்கிச் சாப்பிடுகிறான். அவளுடைய முழங்கால்கள் பனியிலே நடக்க அஞ்சுகின்றன. பேச்சுத் துணைக்குப் பகலில் எவருமில்லை. சாளரத்தின் வழியாகத் தெரியும் தெருவில் மனிதர் விரைந்து செல்கின்றனர். கோயில் திருவிழாவும் வேலிக்கு மேலான அயலவர் பேச்சும் அவளுக்கு இல்லை. தொண்ணூறாவது நாள் அவள் விமானமேறியபின், மகள் தன் குழந்தையின் பாலுக்கும் உறக்கத்துக்கும் பதிலாள் தேடுகிறாளா, அல்லது தாயைப் பிரிந்ததற்காக அழுகிறாளா? அவளுக்கே அது தெளிவாகத் தெரியாமலிருக்கலாம்.

மனிதனை வெறுங் கருவியாக மட்டும் நடத்தாமல், எப்போதும் அவனைத் தன்னிலேயே ஒரு நோக்கமாகவும் நடத்தவேண்டும் என்பது இமானுவேல் காண்டின் அறக்கோட்பாடு. ஒருவருடைய உதவியைப் பெறுவதே தவறு என்று காண்ட் கூறவில்லை. வெறுங் கருவியாக மட்டும் கொள்ளுதலையே அவர் விலக்கினார். அம்மம்மா விரும்பியே வந்தாள் என்று இதற்கு விடை கூறப்படலாம். அவள் விரும்பினாள் என்பது உண்மையே. ஆனால் மறுப்பதற்கு அவளுக்கு வழியிருந்ததா? பேரப்பிள்ளையைப் பார்க்க வரமுடியாது என்று கூறும் பெண்ணை ஊர் என்னவென்று பேசும்? மறுக்கும் வாய்ப்பு இல்லாதவரின் இசைவு முழுமையான இசைவாகாது. கடன் என்ற சொல் தமிழிலே கடமையையும் குறிக்கும். திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் குறிக்கும். பாட்டி செய்வதை அவளது கடமை என்று மட்டும் கொள்பவர், அதனாற் தாம் கடன்பட்டிருப்பதை மறந்துவிடுகின்றனர்.

இந்த மறதியின் கொடிய வடிவத்தை வேறொரு புலம்பெயர்விற் காணலாம். குழந்தையை உடன்கொண்டு செல்லக்கூடிய வெளிநாட்டு வாழ்வு ஒரு பேறு. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லும் இலங்கைத் தாய்மாருக்கு அப்பேறு இல்லை. அவர்கள் தம் குழந்தையைத் தம் தாயின் மடியிலே விட்டுச்சென்று, சம்பளத்துக்காக வேறொருத்தியின் குழந்தையைத் தூக்கி வளர்க்கின்றனர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய பெண்கள் இவ்வாறு செல்வதனை இலங்கை அரசாங்கம் 2013ஆம் ஆண்டிற் கட்டுப்படுத்தியது. 2022ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. பச்சிளங் குழந்தைகளையுடைய தந்தையருக்கு அத்தகைய தடை இருந்ததில்லை. குழந்தையின் பராமரிப்பு தாயின் கடன் என்று சட்டம் ஐயமின்றிக் கூறியது. தாய் அக்கடனை நிறைவேற்றுவதற்கான வாழ்வாதாரம் யாருடைய கடன் என்பதைக் கூறவில்லை. அதனை வேந்தனின் பங்காகக் கொண்ட பழைய பாடம், இவ்விடத்தில் இன்றைய சட்டத்திலும் நேர்மையானதாகத் தோன்றுகிறது.

ஒஸ்லோவின் அம்மம்மாவும், சேயை விட்டுச் சென்ற தாயின் தாயும் ஒரே உண்மையைப் புலப்படுத்துகின்றனர். குழந்தையொன்று எந்த மடியிற் கிடந்தாலும், அந்த மடி வேறெங்கோ இருந்து எடுக்கப்பட்டது. ஒரு கிழவனின் தனிமையிலிருந்தோ, ஒரு பெண்ணின் படிப்பிலிருந்தோ, இன்னொரு குழந்தையிடமிருந்தோ அது எடுக்கப்பட்டிருக்கலாம். எடுப்பதைத் தவிர்க்க இயலாது. குழந்தை மடியின்றி வளராது. எனவே அறம் கேட்பது, எடுக்காமலிருக்கவேண்டும் என்பதன்று. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறிந்திருக்கவேண்டும், அறிந்ததற்கேற்ப நடக்கவேண்டும் என்பதே அது கேட்பது.

இவ்வறிவு நடைமுறையிற் சில கடப்பாடுகளைக் கொண்டுவருகின்றது. தந்தை தன் பதினைந்து வாரங்களைச் சட்டம் கொடுத்த ஓய்வாகக் கருதாமல், அவை முடிந்தபின்னும் தொடரவேண்டிய பங்காகக் கருதவேண்டும். அம்மம்மாவை அழைக்குமுன் அவள் மறுக்கக்கூடிய முறையிலே கேட்கவேண்டும். வந்தபின் அவளுடைய நாளின் ஒரு பகுதியேனும் அவளுடையதாக இருக்கவேண்டும். அவள் முதுமையுற்று மடிதேடும் காலத்தில் யார் அருகிலிருப்பது என்ற வினாவை, குழந்தையின் ஏணையருகே இருக்கும்போதே எண்ணத் தொடங்கவேண்டும். சுகாதார நிலையம் சேர்த்துவிட்ட தாய்மார் குழுவிலே மொழி தெரியாமல் மூலையில் அமர்ந்திருக்கும் பெண், அடுத்திருப்பவளின் குழந்தையை ஒருமுறை தூக்கிக்கொள்ளும்போது புதிய ஊரொன்றின் முதற் கல்லை நாட்டுகிறாள். உற்றார் என்போர் இரத்தத்தினால் மாத்திரம் ஆவதில்லை. ஒருவர் பிள்ளையை ஒருவர் தூக்குவதனாலும் ஆகின்றனர்.

தாயகத்தில் இருப்போருக்கும் இதிலே பாடமுண்டு. எங்கள் ஊரிலே குழந்தை தானாக வளர்ந்துவிடும் என்று பெருமை பேசுவது எளிது. எந்தக் குழந்தையும் தானாக வளர்வதில்லை. தானாக வளர்கிறது என்று தோன்றுமாயின், பெயர் சொல்லப்படாத ஒருத்தி அங்கே உழைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டிலிருக்கும் வீடுகள் பல உண்டு. பேரப்பிள்ளைகளை வளர்த்த கைகள் அவ்வீடுகளிலே தனித்திருக்கின்றன.

குழந்தைக்கு முதற்பல் முளைக்கும்போது பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையிற் சொரிவது யாழ்ப்பாண வழக்கம். ஒஸ்லோவிலும் அது நடைபெறுகின்றது. வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையை இருத்துகின்றனர். தாய்மார் குழுவிலிருந்து வந்த நோர்வேஜியப் பெண் தன் குழந்தையுடன் அருகில் அமர்ந்திருக்கிறாள். தொண்ணூறு நாட்கள் முடிந்து ஊர் திரும்பிவிட்ட அம்மம்மா, கைத்தொலைபேசியின் திரையிலே தோன்றிக் கொழுக்கட்டையை மெதுவாகச் சொரியும்படி சொல்கிறாள். புத்தகம், பேனை, பணம், நகை என்பன குழந்தையின் முன்னே வைக்கப்படுகின்றன. அது எதனை எடுக்கும் என்று எல்லோரும் ஆவலோடு பார்க்கின்றனர். குழந்தை தன் வருங்காலத்தைத் தானே தெரிவுசெய்கிறது என்பது அச்சடங்கின் நம்பிக்கை. தன்னை யார் தூக்கவேண்டும் என்பதனைக் குழந்தை தெரிவுசெய்ய இயலாது. அத்தெரிவு அதனைச் சூழ இருப்போருடையது. அதுவே அவர்களுடைய கடன்.